'போல்' வந்துவிட்டால் உவமையா?

காலாண்டுத் தேர்வின் தமிழ் விடைத்தாளை மகன் கையெழுத்துக்கு நீட்டியபோது கடையில் கூட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது ஒற்றை மெஷின் ஜெராக்ஸ் கடை. ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று கையில் காகிதத்தோடு நிற்பவர்களை வைத்துக்கொண்டு எதைப் படிப்பது? மார்க்கை மட்டும் பார்த்தேன். 64. பத்தாம் வகுப்பு. திட்டவும் முடியாத, பாராட்டவும் முடியாத மார்க். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தாளைப் புரட்டினேன்.

கட்டுரை, கடிதம் எல்லாம் ஓரளவு சரி. மார்க் போனது முழுக்க அணியிலும், பாட்டின் சீரை அசை அசையாக வெட்டி வாய்பாடு சொல்கிற அலகிடுதலிலும். அதில் இரண்டு விடைகளை இன்னும் மறக்க முடியவில்லை.

முதலாவது, சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி வருகிற அடிகள். 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட.' கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் பறக்கும் கொடிகள் 'வராதீர்கள்' என்று கைகாட்டுவதுபோல் அசைகின்றன. இதில் பயின்று வந்த அணி எது என்பது கேள்வி. என் மகன் எழுதியது: 'உவமை அணி. ஏனெனில் போல் என்னும் உவம உருபு வெளிப்படையாக வந்துள்ளது.' சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் பூஜ்யம்.

இரண்டாவது இன்னும் அழகு. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' அணியின் பெயரைச் சரியாகவே எழுதியிருந்தான், வேற்றுமை அணி. கீழே விளக்கம்: 'தீயினால், நாவினால் ஆகிய சொற்களில் ஆல் என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு வந்துள்ளதால் இது வேற்றுமை அணி ஆயிற்று.'

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் யோசனை வந்தது. பையன் உளறவில்லையே. 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபுதான், அந்தக் குறளில் இருக்கவும் இருக்கிறது. 'போல்' உவம உருபுதான், அந்த அடியிலும் இருக்கிறது. கண்ணில் பட்ட அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறான். கலைச்சொல் என்றால் அவனுக்கு டப்பாமேல் ஒட்டியிருக்கும் லேபிள். டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. நான் படித்தது பி.காம். பத்தாவதில் அணியை எல்லாம் மனப்பாடம் செய்துதான் கரையேறினேன்.

அதனால் எனக்குத் தெரிந்த வழியையே முதலில் அவனுக்கும் காட்டினேன். ஒவ்வொரு அணியின் இலக்கணத்தையும் பத்துப் பத்து முறை எழுது. எழுதினான். ஒரு வாரத்தில் 'இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்ற அணி' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னான். பாட்டைக் காட்டி இது என்ன அணி என்று கேட்டால் மறுபடியும் முழித்தான். ஒரு மாதம் வீணாய்ப் போனது என் தப்பு. இதைப் படிக்கிறவர்களாவது அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அது போன கையோடு தென்பெண்ணையில் வெள்ளம். பள்ளிக்கூடம் லீவு, எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, மெஷின் ஓடாததால் கடையும் இல்லை. வீட்டில் எமர்ஜென்சி விளக்கு ஒன்று, சரியாக விழாத ஜெராக்ஸ் தாள்கள் ஒரு கட்டு, நான், அவன், என் மாமியார். அந்த நாள்களில்தான் வழி கிடைத்தது.

அவன் வகுப்பு லீடர். யார் வரவில்லை என்று கரும்பலகையில் தினமும் எழுதுகிறவன். "சரி, அணிக்கும் அட்டெண்டன்ஸ் எடு" என்றேன். ஒப்பிடுகிற அணிகளில் மூன்று பேர்தான் மாணவர்கள்: உவமை (எதோடு ஒப்பிடுகிறோம்), உவம உருபு (போல மாதிரி நடுவில் வரும் சொல்), உவமேயம் (எதை ஒப்பிடுகிறோம்). பாட்டைப் படித்து யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று மட்டும் சொல். அணிப் பெயரே வேண்டாம்.

'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.' நிலம் வந்திருக்கிறது, போல வந்திருக்கிறது, பொறுமையும் வந்திருக்கிறது. மூவரும் ஆஜர். அது உவமை அணி.

'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.' எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன். இருவரும் இருக்கிறார்கள், நடுவில் உருபு லீவு. எடுத்துக்காட்டு உவமை அணி.

'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்.' இங்கே கொஞ்சம் தடுமாறினான். செயலும் கட்டளைக் கல்லும் தனித்தனியாக நிற்கவில்லை, செயல்தான் கல் என்று இரண்டையும் ஒன்றாக்கியாகிவிட்டது. அப்படியானால் உருவகம். ஆனால் கட்டளைக் கல்லில் உரசிப் பார்ப்பது எதை? பொன்னை. பெருமை, சிறுமையைப் பொன் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒன்றை உருவகமாக்கி அதன் ஜோடியை விட்டுவிட்டால் ஏகதேச உருவக அணி. உவமையா உருவகமா என்று சின்னச் சொல்லில் சந்தேகம் வந்தால் வரிசையைப் பார்த்தால் போதும். தேன்தமிழ் என்றால் தேன் போன்ற தமிழ், உவமை. தமிழ்த்தேன் என்றால் தமிழாகிய தேன், உருவகம்.

கடைசியில் வருவதுதான் பிறிது மொழிதல் அணி. அதில் உவமை மட்டும் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும். யாரைப் பற்றிச் சொல்ல வந்தார்களோ அவரே வகுப்பில் இல்லை. 'கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.' தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது. அவ்வளவுதான் பாட்டு.

"நம்ம தேவனாம்பட்டினத்துல புயல் வருதுன்னா போட்டைத் தரையில டிராக்டர் கட்டி இழுக்கிறாங்களேம்மா" என்றான்.

"இழுக்கிறாங்க. அதுவா ஓடுதா?"

"ஓடல."

"அப்ப வள்ளுவர் சொன்னது சரிதான். ஆனா அவருக்கு எதுக்குடா கப்பல் கவலை?"

பதில் இல்லை. நானும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இடனறிதல். அவனுக்கே புரிந்தது: அவரவர்க்கு ஏற்ற இடத்தில்தான் அவரவர் வலிமை செல்லும், அதைச் சொல்லத்தான் தேரும் கப்பலும். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளுக்கும் இதே வேலைதான். மயில்தோகைதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டி அச்சு முறியும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் வலியறிதல். ஆக, பிறிது மொழிதலில் வராத ஆளைத் தேடும்போது அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்பார். விடையில் பாட்டோடு அணியைப் பொருத்திக் காட்டும் வரிக்கு அதுவே போதும்.

மறுபடி அந்தக் கொடிக்கு வந்தோம். அதற்கு அட்டெண்டன்ஸ் எடுத்தால் குழம்பும். கொடியை எதோடு ஒப்பிட்டார்? கையோடா? சண்டையாகிவிட்டது. வெளியே மழை விட்டு நின்றிருந்தது. திடீரென்று அவனே கேட்டான்:

"ஏம்மா, ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துறாங்களே, அதுவும் கடலுக்கு வராதேன்னுதானே சொல்லுது? அப்ப அது தற்குறிப்பேற்றமா?"

ஐந்து நிமிஷம் எனக்கே பதில் தெரியவில்லை. அப்புறம் பிடிபட்டது. கூண்டை ஒரு ஆள் ஏற்றுகிறார், 'போகாதே' என்று சொல்வதற்காகவே ஏற்றுகிறார். அதில் யாரும் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை, அது சொல்வதே அதுதான். மதுரைக் கொடி அப்படியா? காற்று அடித்தது, துணி ஆடியது. கோவலன் யார் என்று அந்தத் துணிக்குத் தெரியுமா? 'வராதே' என்றது இளங்கோவின் மனசு. காற்றின் வேலையின்மேல் கவிஞரின் எண்ணம் உட்கார்ந்தால் தற்குறிப்பேற்றம். 'போல்' இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது உண்மையில் ஏன் நடந்தது, கவிஞர் ஏன் நடந்தது என்கிறார்? இரண்டு பதிலும் வேறு வேறு என்றால் பெயரை எழுதிவிடலாம்.

புயல் கூண்டை அவன் கேட்டதற்கு அப்புறம் அந்த அணியில் ஒரு தரம்கூடத் தப்பு வரவில்லை. எனக்கும்தான்.

வேற்றுமை அணிக்கு இவ்வளவு பாடு இல்லை. வேற்றுமை என்றால் இங்கே வித்தியாசம், உருபு இல்லை. தீயும் சுடும், நாக்கும் சுடும். அதுவரை இரண்டும் ஒன்று. தீப்புண் ஆறும், நாக்கு சுட்ட வடு ஆறாது, அங்கே பிரிகிறது. முதலில் ஒற்றுமை, பிறகு வேற்றுமை. இரண்டு வரியையும் எழுதினால்தான் முழு மார்க்.

வஞ்சப் புகழ்ச்சியை மாமியார் கற்றுக்கொடுத்துவிட்டார். லீவு நாளில் ஒன்பது மணிவரை போர்வைக்குள் கிடந்தவனைப் பார்த்து, "கலெக்டரு எழுந்துட்டாரா? காப்பி கொண்டாரட்டுமா ஐயா?" என்றார். அவன் போர்வைக்குள்ளிருந்தே, "ஆயா, இது புகழ்வது போலப் பழிப்பது" என்றான். 'தேவர் அனையர் கயவர்' என்கிற குறளும் அதே குரல்தான். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இரண்டு பேருமே இஷ்டப்படி நடக்கிறவர்கள்.

நிரல்நிறை, தீவகம், பின்வருநிலை எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றுக்கும் வழி ஒன்றுதான்: தனியாகப் படிக்காதே, எதோடு குழம்புமோ அதோடு சேர்த்துப் படி. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளாகச் சொல்வது 35. பள்ளிக்கூடப் பையனுக்கு வேண்டியது அதில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள் யார் யாருக்கு முகஜாடை ஒன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களை நான்காகக் கிழித்து ஒவ்வொன்றின் வெற்றுப் பக்கத்திலும் ஒரு பாட்டை எழுதினோம். அணிப் பெயர் எழுதவில்லை. சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டு ஒன்றை உருவ வேண்டும். இதில் நான் கண்டது: நோட்டில் 'உவமை அணி' என்று தலைப்பு போட்டு அதன்கீழ் ஐந்து எடுத்துக்காட்டு படித்தால், தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. பையனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பரீட்சை ஹாலில் தலைப்பு கிடையாது. கலைத்துப் போட்ட முதல் நாள் இருபதில் எட்டுதான் சரி. மூஞ்சி தொங்கிப்போனது. பொங்கலுக்குள் பதினாறு, பதினேழு வந்தது.

அலகிடுதலுக்குப் புளியங்கொட்டை. நேர் அசையில் உயிர் சேர்ந்த எழுத்து ஒன்று, நிரை அசையில் இரண்டு. புள்ளி வைத்த எழுத்துக்குக் கொட்டை கிடையாது. வெட்டும் இடங்கள் மூன்றே மூன்று. ஒற்று வந்தால் அதன் பின்னால் வெட்டு. இரண்டு ஒற்று சேர்ந்து வந்தால் இரண்டாவதன் பின்னால். நெடில் வந்து அடுத்து ஒற்று இல்லையென்றால் நெடிலோடு வெட்டு. இரண்டு குறில் சேர்ந்து வந்து அடுத்து ஒற்று இல்லையென்றால் அங்கே வெட்டு. மாமியாரின் பல்லாங்குழிக் கொட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டோம். பரப்பி வைத்தால் ஒன்று, இரண்டு என்று கண்ணுக்கே தெரியும்: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். மூன்றாவதாக ஒரு நேர் ஒட்டினால் காய்: தேமாங்காய், புளிமாங்காய் என்று. இந்தப் பெயர்கள்தான் வாய்பாடு.

ஆனாலும் அவசரத்தில் தப்பு வந்துகொண்டே இருந்தது. அதற்கு மருந்து கடைக்கே நடந்து வந்தது. ஓய்வூதியப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க ஒரு பெரியவர் வந்தார், முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். கல்லாவுக்குப் பக்கத்தில் பையன் 'அகர' என்பதை அ, கர என்று பிரித்து நேர் நிரை கூவிளம் என்று எழுதி வைத்திருந்ததை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, தளை பார்க்கச் சொல்லித் தரலையா இவனுக்கு?"

"எனக்கே தெரியாதுங்க ஐயா."

"குறள் வெண்பாம்மா. வெண்பா தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும். தளைன்னா ஒரு சீர் முடிஞ்சா அடுத்த சீர் எதுல ஆரம்பிக்கணும்கிறது. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். நீ கூவிளம்னு எழுதியிருக்கே தம்பி. அடுத்த சீர் 'முதல'. அது எதுல ஆரம்பிக்குது?"

"முத... நிரைங்க ஐயா."

"விளம் முன் நேர் வரணும். இங்க நிரை நிக்குது. தளை தட்டுது பார். வள்ளுவர் தப்பு பண்ணலை, நீதான் எங்கயோ தப்பா வெட்டியிருக்கே."

அவனே அக, ர என்று மாற்றிப் போட்டான். நிரை நேர், புளிமா. மா முன் நிரை, 'முதல' பொருந்தியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விடை சரியா என்று வேறு யாரையும் கேட்க வேண்டாத கேள்வி தமிழ்த் தாளில் இது ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர் கொடுக்க வந்த பத்து ரூபாயை நான் வாங்கவில்லை.

அந்தக் கடல் குறளை வைத்து நீங்களும் சரிபார்க்கலாம். கடலோடா, புளிமாங்காய். கால்வல், தேமா. நெடுந்தேர், புளிமா. கடலோடும், புளிமாங்காய். நாவாயும், தேமாங்காய். ஓடா, தேமா. கடைசிச் சீர் நிலத்து, பிறப்பு. காயை அடுத்து நேர், மாவை அடுத்து நிரை, ஓரிடத்திலும் இடிக்காது. ஈற்றுச் சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். 'நிலத்து', 'உலகு' மாதிரி உகரத்தில் முடிகிற சீரைப் புளிமா என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் நிறைய. கடைசிச் சீருக்கு வாய்பாடு வேறு.

எதுகைக்கு ஊர்க்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாகி அவர் கரையேறியது நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பது ஐதீகம். கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. அப்போது பாடியதாகச் சொல்லும் தேவாரத்தின் முதல் பாட்டில் நான்கு அடிகளும் சொற்றுணை, பொற்றுணை, கற்றுணை, நற்றுணை என்று தொடங்கும். இரண்டாம் எழுத்து நான்கிலும் ற். முதல் எழுத்து நான்கிலும் குறில். இரண்டாம் எழுத்தும் முதல் எழுத்தின் அளவும் இப்படி ஒத்திருந்தால்தான் எதுகை. என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். பாடலீஸ்வரர் கோயிலில் கேட்டுக் கேட்டே அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். ஒரு அடி முடிந்தால் அடுத்த அடியை எதுகையே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. எதுகை எதற்கு என்று பையன் கேட்டதற்கு நான் அவரைத்தான் கைகாட்டினேன்.

விடை எழுதுகிற முறை பற்றி ஒன்று. அணிப் பெயர், விளக்கம், சான்று, பொருத்தம் என்று நான்கையும் தனித்தனி வரியில் எழுதச் சொன்னேன். இவன் காலாண்டில் பெயரும் விளக்கமும் எழுதிவிட்டுப் பொருத்தத்தை இரண்டு இடத்தில் விட்டிருந்தான். பாட்டிலிருந்து சொல்லை எடுத்து, இது உவமை, இது உவமேயம் என்று காட்டும் வரிதான் பொருத்தம். டப்பாவைத் திறந்து பார்த்தவனால் மட்டும்தான் அதை எழுத முடியும் என்பதால் அதைத்தான் முதலில் யோசிக்கச் சொன்னேன், பெயரைக் கடைசியில்.

தீவகத்தில் அவன் கடைசிவரை தடுமாறிக்கொண்டேதான் இருந்தான். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு. முதல் தாள் தமிழ். கடையை மதியம் மூடிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வெளியே வந்தவன் கையில் இருந்த பேனாவை மூடக்கூட இல்லை.

"அணி ஓகேம்மா. அலகிட்டதுல ஒரு சீர் தப்பு."

"தப்புன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"தளை தட்டுச்சு. எங்கன்னு தேடறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க."